மாணவர் கலை மன்றத்துக்கு எந்த விதிகள் பொருந்தும்? ஓர் ஒப்பீடு

புதிதாக ஒரு கலாசார மன்றம் தொடங்குகிற மாணவர்கள் பெரும்பாலும் வேறொரு மன்றத்தின் விதிகளை வாங்கி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பதிவுக்கு அது போதும், மன்றத்துக்குப் போதாது. முதல் பெரிய நிகழ்ச்சியில் யார் மேடையேறுவது, யார் கையெழுத்தில் பணம் எடுப்பது, செயலாளர் பாதியில் விலகினால் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விகள் வரும்போதுதான் அந்தத் தாளைத் தேடுவார்கள். அதில் விடை இருக்காது. இருந்தாலும் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகள் இருக்கும்.

விதி எழுத உட்காருகிறவர்கள் உண்மையிலேயே யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடங்கள் சிலதான். அந்த இடங்களில் என்னென்ன வழிகள் உண்டு என்பதை இங்கே ஒப்பிடுகிறேன். எடைபோட ஒரே அளவுகோல் வைத்திருக்கிறேன்: இந்த விதியை எழுதியவர்கள் எல்லோரும் படிப்பை முடித்துப் போன பிறகு, அவர்களைப் பார்த்தேயிராத ஓர் இரண்டாம் ஆண்டு மாணவர் இதைப் படித்து மன்றத்தை நடத்த முடியுமா? குடியிருப்போர் சங்கத்திலோ தொழிற்சங்கத்திலோ பத்து வருடமாக இருக்கிற ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். "அன்றைக்கு இதற்காகத்தான் அப்படி முடிவு செய்தோம்" என்று அவர் எடுத்துச் சொல்வார். மாணவர் மன்றத்தில் நான்கைந்து ஆண்டுகளில் மொத்த ஆட்களும் மாறிவிடுகிறார்கள். எடுத்துச் சொல்ல ஆளில்லை, தாள்தான் சொல்ல வேண்டும்.

எவ்வளவு எழுதுவது

எழுத்தில் எதுவுமே வேண்டாம், நண்பர்களாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு வழி. பத்துப் பேர் இருக்கும் முதல் வருடத்தில் இது நன்றாகவே ஓடும். ஆனால் எழுதாத இடத்திலும் விதி இருக்கத்தான் செய்கிறது, சீனியர்களின் மனதுக்குள். புதிதாகச் சேர்ந்தவருக்கு அது தெரியாது, கேட்கவும் கூச்சப்படுவார். நட்பு வட்டம் யாருக்குப் பெரிதோ அவரிடமே எல்லா முடிவும் போய்ச் சேரும்.

இதற்கு நேர் எதிர், முப்பது நாற்பது பக்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதிவைப்பது. கூட்டம் நடத்தும் முறைக்கு அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876-இல் வெளியிட்ட தொகுப்பை அப்படியே ஏற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதிவிடும் அமைப்புகள் நிறைய. முன்மொழிவது, வழிமொழிவது, திருத்தம் கொண்டுவருவது, ஒத்திவைப்பது எல்லாவற்றுக்கும் அதில் முறை இருக்கிறது. அந்தத் தொகுப்பே, சுமார் பன்னிரண்டு பேருக்கு மிகாத சிறிய குழுக்களுக்குப் பிடியைத் தளர்த்துகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே தீர்மானத்தை வழிமொழிய ஆள் தேவையில்லை, தலைவரே விவாதத்தில் கலந்துகொண்டு வாக்கும் அளிக்கலாம். மன்றத்தின் செயற்குழு எட்டுப் பத்துப் பேர்தான் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நாடாளுமன்ற நடைமுறை பாரம்தான்.

எனக்குச் சரியென்று படுவது இரண்டு அடுக்கு. மூன்று நான்கு பக்கத்தில் அடிப்படை விதிகள்: நோக்கம், உறுப்பினர், பதவிகள், தேர்வு, பணம், திருத்தம். இதைப் பொதுக்குழு மூன்றில் இரண்டு பங்கு வாக்கில்தான் மாற்றலாம். அதற்குக் கீழே ஒரு நடைமுறைக் குறிப்பேடு: ஆடிஷன் மதிப்பெண் தாள், ரிகர்சல் நேரம், உடை அலமாரிச் சாவி யாரிடம் என்பதெல்லாம். இதைச் செயற்குழுவே சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றிக்கொள்ளலாம். எதை எந்த அடுக்கில் வைப்பது என்பதில் குழப்பம் வந்தால், பதவியில் இருப்பவர் தனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்ளக்கூடியது எதுவோ அது அடிப்படை விதியில் இருக்கட்டும்.

பொறுப்பாளர்களை யார் தேர்ந்தெடுப்பது

மன்றங்கள் உடைவது அதிகமும் இந்த இடத்தில்தான். நான்கு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

போகிற சீனியர்களே அடுத்தவரை நியமிப்பது முதல் வழி. யார் நள்ளிரவு வரை நின்று நாற்காலி அடுக்கினார்கள், யார் போட்டோ எடுக்கும் நேரத்தில் மட்டும் வந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். வேலை தெரிந்த ஆள் பொறுப்புக்கு வருவார். ஆனால் மனிதர்கள் தங்களைப் போன்றவர்களையே தேர்ந்தெடுப்பார்கள். நடனக் குழுவினர் நடனக் குழுவினரை நியமிப்பார்கள். மூன்று முறை இப்படி நடந்தால் நாடகக் குழுவினர் தனி மன்றம் கேட்டு மனுக் கொடுப்பார்கள்.

இரண்டாவது, ஆலோசகர் பேராசிரியரும் சிலரும் சேர்ந்து நேர்காணல் வைத்து எடுப்பது. திறமைக்கு இடம் கிடைக்கும். ஆனால் பொறுப்பாளர் யாரால் வந்தாரோ அவருக்குத்தான் பதில் சொல்வார். உறுப்பினர்களின் குறைகளைக் காதில் வாங்க அவருக்குக் கட்டாயம் ஏதும் இராது. பொருளாளர் பதவிக்கு மட்டும் இந்த முறையை ஏற்கலாம். கணக்கு எழுதத் தெரியுமா என்பதை வாக்குச்சீட்டு சொல்லாது.

மூன்றாவது, தேர்தல். தேர்தல் என்று மட்டும் எழுதிவிட்டால் போதாது, வாக்கை எப்படி எண்ணுவது என்பதிலேயே வெற்றியாளர் மாறிவிடுவார். ஓர் உதாரணம். நூறு பேர் வாக்களிக்கிறார்கள்: நடனக் குழு 40, இசைக் குழு 35, நாடகக் குழு 25. ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் தலைவர் பதவிக்கு நிற்கிறார், அவரவர் குழு அவரவருக்கே போடுகிறது. அதிக வாக்கு பெற்றவரே தலைவர் என்றால் நடனக் குழு வேட்பாளர் 40 வாக்கில் ஜெயிக்கிறார். மற்ற அறுபது பேருக்கும் அவர் கடைசி விருப்பமாக இருந்தாலும் அவரே தலைவர்.

இப்போது இரண்டாவது விருப்பத்தையும் எழுதச் சொல்வோம். நடனக்காரர்களும் இசைக்காரர்களும் தங்களுக்கு அடுத்தபடியாக நாடக வேட்பாளரை எழுதுகிறார்கள், நாடகக்காரர்கள் இசை வேட்பாளரை எழுதுகிறார்கள். கடைசியில் வந்தவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றும் முறையில் நாடக வேட்பாளர் முதலில் வெளியேறுவார். அந்த 25 வாக்கும் இசை வேட்பாளருக்குப் போய், 60-க்கு 40 என்று அவர் ஜெயிப்பார். அதே சீட்டுகளை இருவர் இருவராக ஒப்பிட்டுப் பாருங்கள். நாடக வேட்பாளர் நடன வேட்பாளரை 60-க்கு 40 என்றும், இசை வேட்பாளரை 65-க்கு 35 என்றும் வெல்கிறார். சீட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, மூன்று முறைகளில் மூன்று தலைவர்கள்.

பிரெஞ்சு அறிஞர்கள் போர்தாவும் கொந்தோர்செவும் 18-ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வேட்பாளர்கள் இருக்கையில், நியாயமான சில நிபந்தனைகள் அத்தனையையும் ஒருசேர நிறைவேற்றும் விருப்ப வரிசை முறை எதுவும் இருக்க முடியாது என்று 1951-இல் கென்னத் ஆரோ நிறுவினார். ஆகவே குறையே இல்லாத முறையைத் தேட வேண்டாம். எந்தக் குறையைத் தாங்கிக்கொள்ளலாம் என்று பாருங்கள்.

கலை மன்றத்தில் உறுப்பினர்கள் இயல்பாகவே குழுக்களாகப் பிரிந்திருக்கிறார்கள். அதனால் ஒப்புதல் வாக்கையே நான் பரிந்துரைப்பேன். ஏற்றுக்கொள்ளக்கூடிய எல்லோர் பெயருக்கும் நேரே ஒரு டிக், அதிக டிக் பெற்றவர் தலைவர். கையாலேயே எண்ணிவிடலாம், தோற்றவரிடம் இரண்டு நிமிடத்தில் விளக்கலாம். தன் குழு ஆளுக்கு மட்டும் டிக் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் இருப்பார்கள். எல்லோரும் அப்படியே செய்தால் கிடைப்பது பழைய முறையின் முடிவுதான், அதைவிட மோசமாகாது. சில பேராவது இரண்டு பெயருக்கு டிக் போட்டால், பிற குழுக்களிடமும் போய்ப் பேசிய வேட்பாளருக்கு அது பலன் தரும். மன்றத்துக்கு அப்படிப்பட்டவர்தான் தேவை. எந்த முறையானாலும் வாக்கெடுப்பு ரகசியமாக இருக்கட்டும். சீனியர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு முதலாம் ஆண்டு மாணவர் கைதூக்குவது சுதந்திரமான வாக்கு ஆகாது.

நான்காவது வழி, குலுக்கல். விளையாட்டாகத் தோன்றலாம், ஆனால் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. பண்டைய ஏதென்ஸில் ஐந்நூறு பேர் கொண்ட மன்றத்தைச் சீட்டுப் போட்டே எடுத்தார்கள், படைத்தலைவர்கள் போன்ற சிலரை மட்டும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். நமக்கு நன்கு தெரிந்தது உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டியவை. ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும் (இன்றைய வார்டு போன்ற பிரிவுகள்) தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். பதவிக்காலம் 360 நாள். நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்கே தகுதி என்பதால் அதைத் திறந்த மக்களாட்சி என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதிலுள்ள இரண்டு விலக்குகளை எந்த மாணவர் மன்றமும் இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம்: முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில், அதாவது ஊர்ச் சபையின் நிர்வாகக் குழுவில், இருந்தவர் மறுபடி வரக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரவே கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. உறவினர் விலக்கு நமக்கு வேண்டாம். கணக்கு விலக்கு கட்டாயம் வேண்டும். முந்தைய நிகழ்ச்சியின் செலவுக் கணக்கை ஒப்படைக்காதவர் எந்தப் பதவிக்கும் நிற்க முடியாது என்ற ஒரே வரி, பொருளாளரின் பாதி நச்சரிப்பைக் குறைக்கும்.

தலைவரைக் குலுக்கலில் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் நிகழ்ச்சியில் எந்தக் குழு எத்தனையாவதாக மேடையேறுவது, தேர்தலை மேற்பார்வையிடுவது யார், கணக்கைச் சரிபார்க்கும் இரண்டு உறுப்பினர்கள் யார் என்பதற்கெல்லாம் குலுக்கலைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பெரிய திறமை தேவைப்படாத, ஆனால் பாரபட்சம் என்ற பேச்சு எழக்கூடிய வேலைகள் அவை.

மொத்தத்தில், ஒரே முறையை எல்லாப் பதவிக்கும் வைப்பதுதான் தவறு. தலைவர், செயலாளர் தேர்தலில். பொருளாளர் நேர்காணலில் தேர்வாகிப் பொதுக்குழுவின் ஒப்புதலோடு. நடனம், இசை, நாடக ஒருங்கிணைப்பாளர்களை அந்தந்தக் குழுவே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு பதவியில் ஒருவர் ஓர் ஆண்டு, மிஞ்சினால் இரண்டு.

உறுப்பினர் யார், மேடையில் யார்

ஒரு குறிப்பிட்ட பண்பாட்டைச் சேர்ந்தவர்களின் மன்றமாக இருந்தால், அந்தப் பண்பாட்டில் பிறந்தவர்களை மட்டும் சேர்ப்பதா, விரும்பும் எல்லோரையுமா என்ற கேள்வி எப்போதும் எழும். பொது நிதியும் அங்கீகாரமும் பெறும் மன்றம் கதவைத் திறந்துதான் வைக்க வேண்டியிருக்கலாம். அமெரிக்காவில் ஓர் அரசு சட்டக் கல்லூரி, தன் அங்கீகாரம் வேண்டும் மாணவர் அமைப்பு எல்லா மாணவரையும் ஏற்க வேண்டும் என்று வைத்த விதியை, 2010-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் என் பக்கம் இதுதான்: ஒரு கலையைக் கற்க ஆசைப்பட்டு வருகிறவரிடம் பிறப்பை விசாரிக்கும் மன்றம், அந்தக் கலைக்கே துரோகம் செய்கிறது.

வெளியாட்கள் கூட்டமாகச் சேர்ந்து தேர்தலைக் கைப்பற்றிவிடுவார்களோ என்ற அச்சம் சிலருக்கு இருக்கும். அதற்குக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. சேர்வது எல்லோருக்கும், வாக்குரிமை தேர்தலுக்கு அறுபது நாள் முன்பே சேர்ந்து இரண்டு நிகழ்ச்சிகளிலாவது வேலை பார்த்தவர்களுக்கு என்று எழுதினால் போதும்.

அடுத்து மேடை. எல்லோருக்கும் வாய்ப்பு என்றால் நிகழ்ச்சியின் தரம் குறையும், ஆடிஷன் என்றால் முதலாம் ஆண்டிலேயே பலர் மனம் உடைந்து விலகுவார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, அதனால் மேடைகளைப் பிரித்துவிடுவதே நல்லது. போட்டிக்கு வெளியே போகும் அணிக்கு ஆடிஷன். வளாகத்துக்குள் நடக்கும் ஆண்டு விழாவில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓரிடம், குழு நடனத்தின் பின்வரிசையாக இருந்தாலும் சரி. இதை அடிப்படை விதியிலேயே எழுதிவிடுங்கள். குறிப்பேட்டில் இருந்தால் நேரம் போதவில்லை என்று ஏதோ ஓர் ஆண்டு எடுத்துவிடுவார்கள்.

ஆடிஷனைப் பொறுத்தவரை சண்டை வருவது முடிவால் அல்ல, முடிவு வந்த விதத்தால். மூன்று நடுவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஆடி முடித்ததும் நடுவில் இருக்கிற சீனியர் பக்கத்திலிருப்பவரிடம் குனிந்து ஏதோ சொல்கிறார், இருவரும் எழுதியதை அடித்துத் திருத்துகிறார்கள். ஆடியவர் இதைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறார். பிறகு என்ன விளக்கம் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். ஆகவே மதிப்பெண் எழுதி, தாளை மடித்துக் கொடுத்த பிறகே பேச்சு. நடுவரின் அறைத்தோழரோ நெருங்கிய நண்பரோ மேடையேறினால் அந்த ஒரு சுற்றுக்கு வேறொருவர் அமரட்டும். பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் திரைக்குப் பின்னாலிருந்து கேட்கும் வழியும் உண்டு. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு 1952-இலேயே இதைக் கையாண்டது. நடனத்துக்கு அது ஆகாது, ஆனால் வெளியிலிருந்து ஒரு நடுவராவது வரட்டும்.

பணம்

இதில் ஒப்பிட அதிகம் இல்லை. ஆண்டுச் சந்தா நிலையான வருமானம், ஆனால் கட்ட முடியாதவரை வாசலிலேயே நிறுத்தும். நிகழ்ச்சிக் கட்டணம் யார் வருகிறார்களோ அவர்களிடமிருந்து வரும், ஆனால் ஒரு நிகழ்ச்சி படுத்தால் கடன். ஸ்பான்சர் பணம் பெரிது, அடுத்த ஆண்டு வரும் என்று சொல்ல முடியாது. குறைந்த சந்தா வைத்து, கட்ட இயலாதவருக்குக் காரணம் கேட்காத விலக்கும் கொடுத்து, ஸ்பான்சர் பணத்தை அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் செலவிடுவது பாதுகாப்பானது. மன்றத்தின் பணம் யாருடைய சொந்த வங்கிக் கணக்கிலும், சொந்த யுபிஐ எண்ணிலும் இருக்கக் கூடாது. இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் வெளியேறக் கூடாது. டிக்கெட் மேசையில் வசூலை இரண்டு பேர் எண்ணி, அங்கேயே எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். நேர்மையில் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவர் மீது பின்னாளில் வீண்பழி விழாமல் காப்பது இந்த ஏற்பாடுதான்.

கூட்டமும் கோரமும்

ஒருமித்த கருத்தா, பெரும்பான்மையா என்று கேட்டால், எட்டுப் பேர் செயற்குழுவில் முதலில் ஒருமித்த கருத்துக்கு முயன்று, இரண்டாவது கூட்டத்திலும் முடியாவிட்டால் வாக்கெடுப்பு. பொதுக்குழுவில் நேராகப் பெரும்பான்மை.

இதைவிடப் பெரிய தொல்லை கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்தாக வேண்டிய குறைந்தபட்ச ஆட்களின் எண்ணிக்கை. ஆண்டுத் தொடக்கத்தில் ஆர்வத்தில் பெயர் கொடுத்தவர்கள் முந்நூறு பேர் என்றால், பட்டியலில் பாதிப் பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதியின்படி நூற்றைம்பது பேர் வேண்டும். அந்தக் கூட்டம் ஒருநாளும் நடக்காது. மன்றம் சட்டப்படி முடங்கும், அல்லது எல்லோரும் அந்த விதியைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். ஒரு விதியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்ததையும் விடுவார்கள். வாக்குரிமையுள்ளவர்களில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது முப்பது பேர், இரண்டில் எது குறைவோ அது என்று வையுங்கள். ஏழு நாள் முன்னறிவிப்பும், அதில் பேசப்போகும் பொருளும் கட்டாயம். அப்போதும் ஆள் சேராவிட்டால் ஒரு வாரம் கழித்து வந்தவர்களோடு நடத்தலாம். ஆனால் விதித் திருத்தமும் பதவி நீக்கமும் மட்டும் அந்தக் கூட்டத்தில் கூடாது.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பை ரிகர்சல் நேரம் முடிவுசெய்யப் பயன்படுத்தலாம். பணத்துக்கும் பதவிக்கும் வேண்டாம். குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதே அட்மின் கையில் இருக்கும் இடம் அது.

ஒழுங்கு நடவடிக்கை

ரிகர்சலுக்கு வராதவரை உடனே நீக்குவதா, கண்டுகொள்ளாமல் விடுவதா? பொதுவளங்களை மக்கள் தாங்களே நிர்வகிக்கும் முறைகளை ஆராய்ந்து 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம், நீடித்து நிற்கும் அமைப்புகளில் தண்டனை படிப்படியாக ஏறுவதைக் கண்டார். மன்றத்துக்கும் அது பொருந்தும்: முதலில் தனியாகப் பேசுவது, பிறகு எழுத்தில், பிறகு அந்த நிகழ்ச்சியிலிருந்து விலக்கு, கடைசியில் நீக்கம். பாலியல் தொந்தரவு, ராகிங் புகார்களுக்கு மட்டும் இந்தப் படிகள் கிடையாது. மன்றம் அதை விசாரிக்கவே கூடாது. அன்றைக்கே பல்கலைக்கழகத்தின் புகார்க் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். நண்பர்களே நண்பரை விசாரித்துச் சமரசம் பேசுவதுதான் பாதிக்கப்பட்டவருக்கு நடக்கும் இரண்டாவது அநியாயம்.

கைமாற்றுவது

பெரும்பாலான விதித்தொகுப்புகளில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது. புதிய செயலாளர் மன்றத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நுழைய முயல்கிறார். ஓடிபி போவதோ இரண்டு ஆண்டு முன்பு படித்து முடித்துப் போனவரின் எண்ணுக்கு. அவர் வேலைக்குப் போய் எண்ணையும் மாற்றிவிட்டார். கூகுள் டிரைவில் இருந்த பழைய நிகழ்ச்சிகளின் வீடியோக்கள் அவருடைய கல்லூரி மின்னஞ்சலோடு மறைந்துவிட்டன. ஐந்து வருட உழைப்பு ஒரு பாஸ்வேர்டில் போய்விடுகிறது.

ஒரே நாளில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது, ஆலோசகர் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவது, பழையவரும் புதியவரும் சில வாரம் சேர்ந்து வேலை செய்வது என்று மூன்று வழிகள். முதல் வழியில் வரும் இழப்பை இப்போதுதான் பார்த்தோம். இரண்டாவதில் மன்றம் மெல்ல மெல்லப் பேராசிரியருடையதாகிவிடும். மூன்றாவதற்கு ஒரே செலவு, தேர்தலை முன்கூட்டி நடத்துவது. ஆண்டு முடிவதற்கு எட்டு வாரம் முன்பே தேர்தல் வைத்து, கடைசி நிகழ்ச்சி ஒன்றைப் புதியவர்கள் நடத்த, பழையவர்கள் கூட நிற்கட்டும். மின்னஞ்சல் முகவரி பதவியின் பெயரில் இருக்கட்டும். உடை, ஒலிபெருக்கி, வாத்தியங்கள் பட்டியலை இருவரும் அலமாரி முன்னால் நின்று சரிபார்த்துக் கையெழுத்திடட்டும். இதெல்லாம் முடிந்த பிறகே பழைய குழுவுக்கு மன்றத்தின் சான்றிதழ்.

திருத்த விதியில் மறக்கக்கூடாதது ஒன்று உண்டு. பதவிக்காலம், தேர்தல் முறை, தகுதி பற்றிய எந்தத் திருத்தமும், அதை நிறைவேற்றிய குழுவுக்குப் பொருந்தாது, அடுத்த குழுவிலிருந்தே நடைமுறைக்கு வரும் என்று எழுதிவையுங்கள்.